நோய் தமிழனுக்கு, அறிவு ஆங்கிலத்திற்கா?

"தமிழில் பாட்டுப் பாடலாம், பழம்பெருமை பேசலாம், பட்டிமன்றம் நடத்தலாம். உயர் வேதியலை உரைக்க முடியுமா?" என்று கேட்பார் இன்றும் உளர். கேட்பவர் அயலார் அல்லர். தமிழ்மண்ணிற் பிறந்து, தமிழர் வரிப்பணத்திற் கற்று, தமிழராலேயே உயர்ந்தவர்தாம் அங்ஙனம் கேட்கின்றனர். கேட்பதோடு அமையாது, தம் கேள்விக்குச் சான்றாக நாவிற் புரளாத ஆங்கிலத் தொடர் ஒன்றையும் எடுத்து வீசுகின்றனர். "மாழை வினையூக்கியின் துணையாற் கிளைச் சருக்கரை மூலக்கூறுகளை வடிவத் தேர்வோடு தொகுத்தல்" என்று அதனைத் தமிழிற் சொன்னால், "இஃது யாருக்குப் புரியும்?" என்று நகைக்கின்றனர். ஆங்கிலத் தொடர் மட்டும் யாருக்குப் புரிந்தது என்று அவரைத் திருப்பிக் கேட்பார் இலர்.

மொழி மாட்டாமையால் ஒரு பொருள் விளங்காமற் போவதில்லை; விளக்குவார் இன்மையாலேயே விளங்காமற் போகின்றது. இதனை வாய்ப்பேச்சாற் சொல்லிப் பயனில்லை; செய்து காட்டுதல் வேண்டும். எள்ளுவார் வீசிய அதே தொடரை எடுத்து, அதன் பொருளைத் தமிழிலேயே விரித்து, அஃது எந்தத் தமிழனின் நெஞ்சுக்கூட்டைத் தொடுகின்றது என்பதையும் காட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடும்.

உழைப்பாளர் நிலமும் என்புருக்கி நோயும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என விரிந்து கிடப்பது உழைப்பாளர் நிலம். 1949-இல் நிறுவப்பெற்ற மிதிவண்டி நிறுவனம் அம்பத்தூரில் தன் தொழிலகத்தை அமைத்தது. 1964-இல் அங்கே தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் 1960-களில் கனவூர்தித் தொழிலகம் தோன்றி, போர்க்களத்திற்கான மெய்ம்மறை ஊர்திகளைச் செய்யத் தொடங்கியது. கவசம் என்று இன்று வழங்குவதைச் சங்கத் தமிழர் மெய்ம்மறை என்றனர். இப்பகுதிகளின் சிறு சந்துகளிலெல்லாம் கடைசற் பொறிகள் சுழல்கின்றன. வார்ப்படப் பட்டறைகள் புகைகின்றன. நெருக்கமான வீடுகளிற் காற்றும் வெளிச்சமும் போதாமல் உழைப்பாளர் குடும்பங்கள் வாழ்கின்றன.

இத்தகைய வாழ்க்கையைத்தான் என்புருக்கி நோய் தேடி வருகின்றது. அரசு ஏடுகள் இதனைக் காசநோய் என்று குறிக்கும். இருமும் ஒருவரிடமிருந்து காற்றின் வழியாக மற்றவர்க்குப் பரவுவது இந்நோய். வார்ப்பட மணலின் நுண்தூள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலிற் படியுமாயின் இந்நோய் எளிதிற் பற்றும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. குறையூணும் இதற்கு வழி திறந்துவிடும். உலகில் இந்நோய்க்கு ஆளாவோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கின்றார். இதனை உண்டாக்கும் நுண்ணுயிரியைச் செருமானிய அறிஞர் இராபர்ட்டு காக்கு 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் பெர்லினில் அறிவித்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டும் அதற்கு மேலும் கடந்தும், அந்த நுண்ணுயிரி இன்னும் வீழவில்லை. ஏன்?

அதற்கும் ஒரு மெய்ம்மறை உண்டு. அம்மெய்ம்மறையின் நடுவடுக்கு, கிளைத்த சருக்கரையால் ஆனது. எள்ளுவார் எடுத்து வீசிய தொடர் எங்கோ அயல்நாட்டு ஆய்வகத்தின் விளையாட்டன்று. அம்பத்தூர்த் தொழிலாளியின் நுரையீரலுக்குள் நடக்கும் போரைப் பற்றியது.

நோயுயிரியின் சருக்கரை மரம்

சருக்கரை என்றவுடன் நாவிற்கு இனிக்கும் பொருளை மட்டும் எண்ணுதல் கூடாது. வேதியலிற் சருக்கரை என்பது ஒரு பெருங்குடும்பம். கரிம அணுக்கள் சில தொடராக நின்று, அவற்றோடு நீரகமும் உயிரகமும் சேர்ந்து, பெரும்பாலும் வளையமாக வளைந்து நிற்பன இக்குடும்பத்தார். வளையங்கள் ஒன்றோடொன்று கைகோத்தால் நெடுஞ்சங்கிலி ஆகும். மரத்தின் உறுதியும் பருத்தியின் நாரும் சோற்றின் மாப்பொருளும் இத்தகைய சங்கிலிகளே.

என்புருக்கி நுண்ணுயிரியின் சுவரில் மூன்று அடுக்குகள் முகன்மையானவை. உள்ளே வலைபோற் பின்னிய ஓர் அடுக்கு. வெளியே மெழுகை ஒத்த கொழுப்பமிலங்களின் அடுக்கு. இவ்விரண்டையும் இறுகப் பிணைத்து நிற்பது நடுவிலுள்ள சருக்கரை மரம். அதன் அடிமரம் கேலக்டோசு என்னும் சருக்கரையின் ஏறத்தாழ முப்பது வளையங்களால் ஆனது. அதிலிருந்து அரபினோசு என்னும் சருக்கரை வளையங்கள் கவைத்துக் கிளைத்துச் செல்கின்றன. கிளைகளின் நுனியிலேதான் மெழுகுக் கொழுப்பு ஒட்டிக் கொண்டிருக்கின்றது. மருந்து பலவும் எளிதில் உள்ளே நுழைய மாட்டாமல் தடுப்பது இந்தக் கட்டமைப்பே.

மரத்தின் உறுப்புகளைச் சொல்லத் தமிழுக்குச் சொற்பஞ்சம் உண்டா? அடிமரத்திற் பிரிவது கவை. கவையிற் பிரிவது கொம்பு. கொம்பிற் பிரிவது கிளை. கிளையிற் பிரிவது சினை. சினையிற் பிரிவது போத்து. போத்திற் பிரிவது குச்சு. குச்சிற் பிரிவது இணுக்கு. மொழிஞாயிறு பாவாணர் தொகுத்துக் காட்டிய வளம் இது. ஒவ்வொரு பிரிவிற்கும் தனிப்பெயர் வைத்த மொழியைப் பார்த்துக் கிளைச் சருக்கரையை உன்னாற் சொல்ல முடியுமா என்று கேட்பது, நீந்தும் மீனைப் பார்த்து நீச்சல் தெரியுமா என்று கேட்பதை ஒக்கும்.

இன்னும் ஒன்று. அரபினோசும் கேலக்டோசும் இச்சுவரில் ஐந்துறுப்பு வளையங்களாக நிற்கின்றன. மாந்தன் உடல் இவ்விரண்டையும் இந்த ஐந்துறுப்பு வளைய வடிவத்திற் செய்வதில்லை. ஆகலின், இவற்றின் கட்டுமானத்தைத் தாக்கும் மருந்து நோயுயிரியைத் தாக்கும். மாந்தனின் சருக்கரைக் கட்டுமானத்தைத் தொடாது. பகைவனுக்கு மட்டுமே உரிய பூட்டு எதுவென்று தெரிந்துவிட்டால், அதற்குரிய திறவுகோலைத் தேடுவதே அறிவு.

மரையறிந்தவனுக்கு வடிவத் தேர்வு விளங்காதா?

இனி, வடிவத் தேர்வு என்றால் என்ன? அம்பத்தூரில் மிதிவண்டி பூட்டும் தொழிலாளி இதனை நாள்தோறும் கையாற் செய்கின்றான். பெடல் என்று பட்டறையில் வழங்கும் மிதிகட்டையை எடுத்துக் கொள்க. வலப்பக்க மிதிகட்டையின் தண்டில் வலமரை; இடப்பக்கத் தண்டில் இடமரை. இரண்டின் நீளமும் ஒன்று; பருமனும் ஒன்று; எடையும் ஒன்று; மாழையும் ஒன்று. ஆயினும் ஒன்று மற்றொன்றின் ஆடி நிழல். வலமரையை இடப்பக்கத் துளையில் ஏற்ற முடியாது. வலிந்து முறுக்கினால் மரை அழியும்.

மூலக்கூறுகளிலும் இஃதே நிலை. ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஒரே வரிசை. ஆயினும் வெளியில் அவை நீட்டிக் கொண்டிருக்கும் பக்கம் வேறானால் பொருளே வேறு. குளுக்கோசு என்னும் சருக்கரையின் திறந்த தொடர் வடிவில் இப்படிப் பக்கம் மாறி நிற்கக்கூடிய கரிம அணுக்கள் நான்கு. ஆகவே இரண்டை நான்கு முறை பெருக்க, 16 வடிவங்கள் வரும். அவற்றுள் ஒன்றே குளுக்கோசு. அதன் ஆடி நிழல் மற்றொன்று. ஏனையவற்றுக்கு வேறு பெயர்கள். இவ்வமைப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெளிவுறுத்திய செருமானிய அறிஞர் எமில் பிசர், 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த வேறுபாடு உயிருக்கே உலை வைக்கக் கூடியது என்பதற்கு என்புருக்கி நோயின் மருந்தே சான்று. எத்தாம்புட்டால் என்னும் மருந்து 1961-இல் வெளிப்பட்டது. இன்றும் இந்நோய்க்கு முதலிற் கொடுக்கப்படும் நான்கு மருந்துகளுள் அஃது ஒன்று. அரபினோசு வளையங்களைக் கோத்துக் கிளையாக்கும் நொதியை அது தடுக்கின்றது. சருக்கரை மரம் கிளைவிடாமற் குன்றுகின்றது. அம்மருந்திற்கும் இடவல வடிவங்கள் உண்டு. வல வடிவம் நோயுயிரியை மடக்கும். அதன் ஆடி நிழலான இட வடிவத்திற்கோ அவ்வாற்றல் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆதலால் வல வடிவத்தை மட்டும் தனித்துச் செய்தே மருந்தாக்குகின்றனர்.

எத்தாம்புட்டால் சிலர்க்குக் கண்பார்வையைத் தாக்கக் கூடும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாமை அதன் தொடக்க அடையாளங்களுள் ஒன்று. அவ்வடையாளம் கண்டவுடன் மருத்துவரிடம் ஓடிச் சொன்னால் பார்வை பெரும்பாலும் மீளும். காலந் தாழ்த்தினால் கேடு நிலைக்கலாம். இதனை நோயாளி எந்த மொழியில் அறிந்திருக்க வேண்டும்? மாத்திரைப் பட்டையின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்ட ஆங்கிலத்திலா? வடிவம் பிழைத்தால் மருந்து பிழைக்கும். மொழி பிழைத்தால் நோயாளி பிழைக்க மாட்டான்.

பொன்னும் வெள்ளியும் செய்த வேலை

நோயுயிரியின் சருக்கரை மரத்தை ஆய்ந்து அதனை வெல்ல வேண்டுமெனின், அம்மரத்தின் துண்டு ஒன்று கலப்பின்றிக் கையில் வேண்டும். நுண்ணுயிரியை வளர்த்து உடைத்து எடுத்தால் கிடைப்பது பல அளவுத் துண்டுகளின் கலவையே. ஆகலின் வேதியலார் அதனைத் தாமே கட்ட முனைந்தனர். இங்கேதான் இடர்ப்பாடு. ஒரு சருக்கரை வளையத்தோடு இன்னொன்றைப் பிணைக்கும்போது, அப்பிணைப்பு வளையத்தின் மேற்பக்கமாகவும் அமையலாம், கீழ்ப்பக்கமாகவும் அமையலாம். ஒன்று நோயுயிரியின் மரம். மற்றொன்று பயனற்ற போலி.

21 வளையங்களை இணைக்க 20 பிணைப்புகள் வேண்டும். ஒவ்வொன்றும் மேலோ கீழோ என்றால், இரண்டை இருபது முறை பெருக்கிப் பார்க்க: 10,48,576 வடிவங்கள். வேண்டுவதோ அவற்றுள் ஒன்றே. ஒவ்வொரு பிணைப்பும் பத்தில் ஒன்பது முறை சரியாக அமைந்தாலும், இருபதும் சரியாக அமைந்தவை நூற்றுக்குப் பன்னிரண்டளவே தேறும். எனவே, வேண்டிய பக்கத்தை மட்டுமே தெரிந்து பிணைக்கும் வழி தேவை. அதுவே வடிவத் தேர்வு.

அவ்வழியைத் திறந்தது மாழை. உலோகம் என்பதற்குத் தமிழிற் பெயர் மாழை. பொன் எதனோடும் எளிதிற் சேராது, துருவேறாது, மங்காது. ஆயினும் அதன் உப்பாகக் கரைந்த நிலையில், இரண்டு கரிம அணுக்கள் மும்மடிப் பிணைப்பால் இணைந்த இடத்தைக் கண்டால் பொன் விரும்பிப் பற்றும். ஆய்வர் இதனைப் பயன்கொண்டனர். சருக்கரை வளையத்தின் ஒரு கையில் அத்தகைய மும்மடிப் பிணைப்புள்ள ஒட்டு ஒன்றை முன்னரே பூட்டி வைப்பர். பொன் அதனைப் பற்றியவுடன் ஒட்டுக் கழன்று விழும். வளையத்தின் கை வெறுமையாகும். அண்டையிலுள்ள கரிம அணுவின் மேல் நிறுத்திவைத்த காவற்கூட்டம், உடனே சாய்ந்து வளையத்தின் ஒரு பக்கத்தை அடைத்துக் கொள்ளும். வந்து சேரும் அடுத்த சருக்கரை அடைபட்ட பக்கத்தில் நுழைய முடியாது. எதிர்ப்பக்கத்தில்தான் பிணைய முடியும். பிணைப்பு முடிந்ததும் பொன் தான் தேயாமல் விலகி அடுத்த வளையத்திற்குப் போகும். மணவினை கூட்டி வைத்துவிட்டு அடுத்த மணப்பந்தலுக்குச் செல்லும் மூதாளரைப் போன்றதே வினையூக்கி.

காவற்கூட்டம் நிற்கும் அதே பக்கத்திற் பிணைப்பு அமைய வேண்டிய இடங்களும் இம்மரத்தின் கிளைநுனியில் உண்டு. அங்கே மேற்சொன்ன சூழ்ச்சி உதவாது. வேறு வழி தேட வேண்டும். அரிய வேலை என்று வேதியலார் இதனைச் சொல்வது அதனால்தான்.

இவ்வேலையைச் செய்தவர் யார்? ஐரோப்பியரா? அமெரிக்கரா? புனே நகரிலுள்ள தேசிய வேதியல் ஆய்வகத்தார் 2006-இல், பொன் குளோரைடைக் கொண்டு இவ்வகை ஒட்டைக் கழற்றிச் சருக்கரைகளைப் பிணைக்கலாம் என்று காட்டினர். பின்னர் அதே நகரிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தின் குழுவினர், பொன்னையும் வெள்ளியையும் வினையூக்கிகளாகக் கொண்டு, என்புருக்கி நுண்ணுயிரிச் சுவரின் கிளைச் சருக்கரைத் துண்டு ஒன்றை 21 வளையங்களோடு கட்டி முடித்து, 2017-இல் வெளியிட்டனர். இத்துணைப் பெரிய கிளைத் துண்டை ஆய்வகத்திற் கட்டுதல் உலகறிந்த அருஞ்செயல். இந்நாட்டவர் செய்தது, இந்நாட்டு நோயைப் பற்றியது. ஆயினும் அம்பத்தூர்த் தொழிலாளியின் காதிற்கு அச்செய்தி எட்ட ஒரு சிறு தமிழேடு உண்டா?

இதுகாறும் சொன்னவற்றுள் தமிழ் தடுமாறிய இடம் எது? மாழை, வினையூக்கி, பிணைப்பு, வளையம், கிளை, இடமரை, வலமரை, வடிவத் தேர்வு, இவற்றுள் உழைக்கும் தமிழனுக்கு விளங்காத சொல் எது? அரபினோசு, எத்தாம்புட்டால் போன்றவை பெயர்கள். பெயர்கள் எம்மொழிக்கும் பொது. தூய தமிழ் என்பது பெயரைக் கண்டு அஞ்சுவதன்று; பொருளைத் தமிழிற் சிந்திப்பது.

உடலைக் கொடுத்தவர்க்கு ஏடு இல்லை

என்புருக்கி நோய் பற்றிய உலக மருத்துவ அறிவிற்குச் சென்னையும் அதன் மேற்குப் புறமும் செலுத்திய பங்கு சிறிதன்று. 1956-இல் சேத்துப்பட்டில் இந்நோய்க்கான மருந்தாய்வு நடுவம் நிறுவப்பெற்றது. இன்று அது தேசியக் காசநோய் ஆய்வு நிறுவனமாக விளங்குகின்றது. நோயாளியைத் தனி விடுதியில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு தேறலாம் என்ற உண்மை, சென்னையின் ஏழை நோயாளிகளிடம் செய்த ஆய்வால் 1959-இல் உலகிற்கு வெளிப்பட்டது. உலகின் மருத்துவ முறையையே அது மாற்றியது.

பின்னர் 1968-இல், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரை ஒட்டிய ஊர்களில், பி.சி.ஜி. தடுப்பூசியின் ஆற்றலை அறியும் பேராய்வு தொடங்கிற்று. 2,81,161 மக்கள் அவ்வாய்விற்குத் தோளை நீட்டி ஊசி போட்டுக் கொண்டனர். முதல் முடிவுகள் 1979, 1980 ஆண்டுகளில் வந்தன. பதினைந்தாண்டு முடிவு 1999-இல் வந்தது. பெரியோர்க்கு நுரையீரல் நோயைத் தடுக்க அவ்வூசி பயன்படவில்லை என்பதும், சிறார்க்கும் கிடைத்த காப்பு மிகக் குறைவே என்பதும் தெரிந்தன. தடுப்பூசி ஆய்வு வரலாற்றிலேயே பெரிதும் பேசப்படும் முடிவு அது.

அம்முடிவுகள் வெளியான இதழ்கள் எம்மொழியின? ஆங்கில இதழ்கள். வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டிய பணியாளர் எம்மொழியிற் பேசினர்? தமிழில். "அம்மா, பிள்ளையின் கையைக் காட்டுங்கள்" என்று தமிழிற் கேளாமல் அவ்வாய்வு ஓரடியேனும் நகர்ந்திருக்குமா? பெறுவதற்குத் தமிழ், தருவதற்கு ஆங்கிலம். உடலைக் கேட்கும்போது தமிழ் வல்லதாயிற்று. அறிவைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் தமிழ் மாட்டாததாயிற்று! இந்த முறைகேட்டிற்கு எந்த ஆய்வர் ஒருவரையும் பழித்தல் பொருந்தாது. அவர்கள் தம் கடமையைச் செய்தனர். அறிவை மக்களின் மொழியிற் கொணரும் கடமையை அரசும் பல்கலைக் கழகங்களும் தமக்கென எடுத்துக் கொள்ளவில்லை என்பதே குற்றம்.

சாக்குகளும் மறுமொழிகளும்

"அறிவியல் உலகப் பொது, அதன் மொழி ஆங்கிலம்" என்பது முதற்சாக்கு. சருக்கரை வேதியலுக்கு அடித்தளம் இட்ட எமில் பிசர் செருமானியத்தில் எழுதினார். அந்நாளில் வேதியல் கற்க விரும்பிய ஆங்கிலேயர் செருமானியம் கற்றனர். மாழை வினையூக்கியால் இடவல வடிவங்களைப் பிரித்துச் செய்யும் கலைக்காக 2001-இல் நோபல் பரிசு பெற்றவருள் ஒருவர் சப்பானியரான நோயோரி. அவர் நாட்டிற் பல்கலைக்கழகக் கல்வி சப்பானிய மொழியில் நடக்கின்றது. 2008-இல் இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற மசுகாவா, தம் பரிசுப் பேருரையையே சப்பானிய மொழியில் ஆற்றினார். அதனால் அவர் அறிவு குறைந்துவிட்டதா?

ஆங்கிலம் வேண்டா என்பதன்று தமிழ் அன்பர் கோரிக்கை. உலகோடு உரையாட ஆங்கிலம் கருவி. ஆய்வர் அதனை நன்கு கற்கட்டும். தம் மக்களோடு உரையாடவும் அஃதே கருவி என்று கொள்ளும் மடமையைத்தான் அவர்கள் எதிர்க்கின்றனர்.

"தமிழில் நூல் இல்லை; சொல் இல்லை" என்பது அடுத்த சாக்கு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். 1875-இல் வேதியல் நூலையும் தமிழில் வெளியிட்டார். பெயர் என்னவோ "கெமிசுதம்" என்று அமைந்தது. ஆயினும் உள்ளே பேசியது தமிழ். கடல் கடந்து வந்த ஒருவர்க்கு இயன்றது, இந்நாட்டிற் பிறந்த பட்டதாரிக்கு இயலவில்லையாம்! மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கம் கண்ட அதே 1916-இல், அறிவியற் கலைச்சொல் ஆக்கத்திற்கெனச் சேலத்திற் கழகம் அமைந்தது. 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. மேனிலைப் பள்ளி வேதியல் நூல்கள் இன்று தமிழில் உள்ளன. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. வழி இல்லை என்பது பொய். வழியிற் பாதியில் நின்றுவிட்டனர் என்பதே மெய்.

அந்தப் பாதி வழியில்தான் ஆவடியின் தமிழ்வழி மாணவன் விழுகின்றான். பன்னிரண்டாம் வகுப்பு வரை வினையூக்கியும் பிணைப்பும் அவனுக்கு நன்கு விளங்கின. கல்லூரி வாயிலைக் கடந்தவுடன் அவன் வாய் அடைபடுகின்றது. அறிந்ததையே அறியாதவன்போல் தலைகுனிந்து அமர்கின்றான். அவனுக்கு அறிவு குறையவில்லை. அறிவிற்குப் போடப்பட்ட பூட்டு மாறிவிட்டது. வலமரைத் துளையில் இடமரையைத் திணித்தால் அழிவது மரை. அஃதே அவன் உள்ளத்திற்கும் நேர்கின்றது.

தமிழ் அன்பர்தம் குற்றம்

பிறரைக் குற்றஞ் சொல்லி முடித்துவிடுவது எளிது. தமிழ் அன்பர்தம் பக்கத்தும் குற்றம் உண்டு. ஒரு சொல்லுக்கு நேராக மற்றொரு சொல்லை ஆக்கிப் பட்டியல் அடுக்கினால் பணி முடிந்ததென்று பலர் எண்ணிவிட்டனர். சொல் ஆக்கியவர் நூல் ஆக்கவில்லை. மாழை என்று எழுதத் தெரிந்தவர் பலர். மாழை என்ன செய்கின்றது என்று கற்றவர் சிலர். வடசொல்லை நீக்கிய பெருமிதத்திற் கடைசற் பட்டறைக்குள் நுழைந்து தொழிலாளியின் சொற்களைக் கேட்டவர் மிகச் சிலர். மரை என்னும் உயிருள்ள சொல்லை அவனல்லனோ காத்து வைத்திருக்கின்றான்? பண்டிதர் வீட்டு நூலடுக்கில் மட்டும் தமிழ் வாழ்ந்தால் அஃது ஓலைச்சுவடி. பட்டறையிலும் மருந்தகத்திலும் வாழ்ந்தால்தான் அது மொழி.

செய்யத் தக்கன நான்கு

முதலாவது, என்புருக்கி நோய்க்கு மருந்து வழங்கும் ஒவ்வோரிடத்தும், நோயாளியின் கையில் ஒரு தமிழ்த் துண்டேடு கொடுக்கப்பெற வேண்டும். நோயுயிரியின் சுவர் எத்தகையது, எம்மருந்து எதனைத் தாக்குகின்றது, இருமல் நின்றவுடன் மருந்தை நிறுத்தினால் எஞ்சிய நுண்ணுயிரிகள் எவ்வாறு மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும், கண்ணில் எம்மாற்றம் கண்டால் உடனே சொல்ல வேண்டும் என்பன அதில் எளிய தமிழில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, தமிழ்மக்களின் உடல்மீது செய்யப்பெறும் எவ்வாய்வின் முடிவும், அம்மக்களுக்குத் தமிழிற் சுருக்கித் தரப்படுதல் சட்டமாக வேண்டும். உடலைக் கொடுத்தவனுக்கு முடிவை அறியும் உரிமை உண்டு.

மூன்றாவது, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேதியலில் முனைவர் பட்டம் பெறுவோர் ஒவ்வொருவரும் தம் ஆய்வின் சாரத்தைப் பத்துப் பக்கத்திற்குக் குறையாமற் தமிழில் எழுதி அளித்தல் வேண்டும். ஆண்டுதோறும் அவை தொகுக்கப்பெற்றால், நூல் இல்லை என்னும் சாக்கு பத்தாண்டில் மறையும்.

நான்காவது, அரசை எதிர்பாராது தமிழ் அன்பரே செய்யத் தக்கது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் திங்கள்தோறும் ஒரு மாலைப்பொழுது, தொழிலாளரைக் கூட்டி ஓர் அறிவியற் பொருளைத் தமிழில் உரைக்க வேண்டும். உரைப்பவர் மட்டும் பேசாது, கேட்பவர்தம் தொழிற்சொற்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். கற்பிக்கச் செல்பவர் கற்றுத் திரும்புவர்.

பொன்னும் வெள்ளியும் கொண்டு நோயுயிரியின் மெய்ம்மறையை ஆய்வகத்திற் கட்டிப் பார்க்கும் அளவிற்கு அறிவு வளர்ந்துவிட்டது. அம்மெய்ம்மறையைத் தன் நுரையீரலில் தாங்கும் தமிழன் மட்டும் அதனை அறியாமல் இருமிக் கொண்டே இருக்க வேண்டுமா? தமிழாற் சொல்ல முடியாது என்பது பொய். சொல்லாமல் விட்டதே குற்றம். அக்குற்றத்தை இனியும் தொடர்வோர் ஆங்கிலம் கற்றவராயினும், தமிழ்ப் பட்டம் பெற்றவராயினும், இருமும் உழைப்பாளியின் முன் விடைசொல்லக் கடமைப்பட்டவரே.